ஜெயிச்சது ரூ.1,300... போட்டது எவ்வளவு? போக்கர் பரிசுப் பட்டியலில் ஒளிந்திருக்கும் கணக்கு

பொன்னேரி:

"மச்சான், நேத்து போக்கர்ல ஆயிரத்து முன்னூறு அடிச்சேன்டா..."

டீக்கடையில் ஒரு வாலிபர் இப்படிச் சொன்னால், பக்கத்தில் இருக்கும் நாலு பேருக்கும் ஆசை வரும். ஆனால் அவர் மொத்தம் எத்தனை ஆட்டம் ஆடினார், எவ்வளவு கட்டினார் என்று யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை. பல பேருக்கு அந்தக் கணக்கே தெரியாது என்பதுதான் உண்மை.

பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவர் குப்பங்களில் தொழிலுக்குப் போகாத நாட்கள் நிறைய உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது. புயல் எச்சரிக்கை வந்தாலும் போகக்கூடாது. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் படகு போக வழி இல்லை. அப்போதெல்லாம் கையில் இருப்பது செல்போன்தான்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025-ல் மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டு வந்துவிட்டது. ஆனாலும் ஆடி முடித்தவர்கள், "எங்கே போச்சு நம்ம பணம்?" என்று கணக்குப் பார்க்க வேண்டிய நேரம் இதுதான். அதற்கு முதலில் தேடி எடுக்க வேண்டியது பரிசுப் பட்டியல்.

பரிசுப் பட்டியல் என்றால் என்ன?

போக்கர் டோர்னமெண்ட் என்பது எல்லோரும் ஒரே நுழைவுக் கட்டணம் கட்டி ஆடும் போட்டி. கட்டியதும் எல்லோருக்கும் சமமாக சிப்ஸ் தருவார்கள். சிப்ஸ் தீர்ந்தவர் வெளியே. கடைசி வரை தாக்குப்பிடிக்கும் சிலருக்கு மட்டும் பரிசு. எந்த இடத்துக்கு எவ்வளவு பணம் என்று சொல்வதுதான் பரிசுப் பட்டியல்.

உதாரணத்துக்கு ஒரு போட்டி. 100 பேர் தலைக்கு ரூ.110 கட்டுகிறார்கள். வசூல் ரூ.11,000. இதில் தலைக்கு ரூ.10 வீதம் ரூ.1,000 நடத்துபவருக்கு. மீதி ரூ.10,000 பரிசு. 12 பேருக்குப் பரிசு என்று வைத்துக்கொள்வோம்.

முதல் பரிசு ரூ.2,800
2-ம் பரிசு ரூ.1,900
3-ம் பரிசு ரூ.1,300
4-ம் பரிசு ரூ.950
5-ம் பரிசு ரூ.700
6-ம் பரிசு ரூ.550
7 முதல் 9-ம் இடம் வரை தலைக்கு ரூ.350
10 முதல் 12-ம் இடம் வரை தலைக்கு ரூ.250

கூட்டினால் சரியாக ரூ.10,000 வரும். மீதி 88 பேருக்குப் பட்டை நாமம்தான். யார் ஜெயித்தாலும், யார் தோற்றாலும் நடத்துபவருக்கு ரூ.1,000 உறுதி.

இனி நம்ம வாலிபரின் கணக்கைப் பார்ப்போம். அவர் இதே மாதிரி 30 போட்டி ஆடினார் என்று வைப்போம். கட்டியது ரூ.3,300. ஒரு தடவை 3-ம் பரிசு ரூ.1,300, மூன்று தடவை கடைசிப் பரிசு ரூ.250 கிடைத்தது. மொத்த வரவு ரூ.2,050. கைநஷ்டம் ரூ.1,250. ஆனால் டீக்கடையில் வெளியே வந்தது அந்த ரூ.1,300 மட்டும்தான்!

சிப்ஸ் வேறு, பணம் வேறு

ஆட்டம் முடிந்த பிறகு "அந்தக் கையில நான் இறங்கியிருக்கணுமா, விட்டிருக்கணுமா?" என்று அலசிப் பார்ப்பவர்களுக்கும் இந்தப் பட்டியல் இல்லாமல் முடியாது. காரணம் இதுதான்.

மேலே சொன்ன போட்டியில் கடைசியாக 3 பேர் மிச்சம். முதல் ஆளிடம் பாதி சிப்ஸ். இரண்டாம் ஆளிடம் நூற்றுக்கு 30. மூன்றாம் ஆளிடம் நூற்றுக்கு 20. இவர்களுக்கு மிச்சம் இருக்கும் பரிசு ரூ.6,000. பாதி சிப்ஸ் வைத்திருப்பவருக்கு ரூ.3,000 மதிப்பு என்றுதானே நினைப்போம்? அதுதான் தப்பு.

மூன்று பேருக்கும் குறைந்தது ரூ.1,300 இப்போதே நிச்சயம். அதுவே ரூ.3,900 ஆகிவிட்டது. உண்மையில் அவர்கள் மோதுவது மீதி ரூ.2,100-க்குத்தான். 'ஐ.சி.எம்.' என்ற முறையில் கணக்குப் போட்டால், முதல் ஆளின் மதிப்பு சுமார் ரூ.2,254. இரண்டாம் ஆள் ரூ.1,975. மூன்றாம் ஆள் சுமார் ரூ.1,771.

பாதி சிப்ஸ் வைத்திருந்தும் பாதிப் பணம் இல்லை. அதே பரிசு முழுவதும் ஒருவருக்கே என்று இருந்தால், அவர் மதிப்பு நேராக ரூ.3,000 ஆகிவிடும். சீட்டு அதே சீட்டு, சிப்ஸ் அதே சிப்ஸ். பரிசுப் பட்டியல் மாறினால் எடுக்க வேண்டிய முடிவும் மாறுகிறது.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஆண்டுதோறும் உலக போக்கர் போட்டி நடக்கிறது. 2024-ல் அதன் முக்கியப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். ஆடியவர்கள் 10,112 பேர். பரிசுத் தொகை 9 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல். முதல் பரிசு ஒரு கோடி டாலர்.

பேப்பரில் பெரிதாக வந்தது அந்த ஒரு கோடிதான். பட்டியலை முழுசாகப் பார்த்தால் பரிசு கிடைத்தது 1,517 பேருக்கு மட்டும். 8,595 பேர் வெறுங்கையோடு போனார்கள். வசூலில் சுமார் 7 சதவீதம் பரிசுக்கு வரவே இல்லை. இந்த விவரம் எல்லாம் வெளிப்படையாக இருப்பதால்தான் நம்மால் சொல்ல முடிகிறது.

குப்பத்து கணக்கு தெரிந்தவர்கள்தானே?

பட்டியல் கேட்பது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' முறை உண்டு. ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை சீட்டுப் போட்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிரிப்பார்கள். மீன் விற்ற காசிலும் முதலில் செலவு கழிப்பார்கள். பிறகு படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிப்பார்கள். ஒரு ரூபாய் குறைந்தாலும் அண்ணன், தம்பி என்று பார்க்காமல் கேட்டுவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் செல்போனில் கட்டிய காசுக்கு மட்டும் கணக்கு கேட்காமல் விடலாமா?

எங்கே தேடுவது?

ஆடிய ஆப்பில் இன்னும் உள்ளே போக முடிந்தால், பழைய போட்டிகளின் விவரத்தையும் பணம் போட்ட, எடுத்த விவரத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் ஆடினார்கள், கட்டணம் எவ்வளவு, பரிசுக்குப் போனது எவ்வளவு, எத்தனை பேருக்குப் பரிசு - இந்த நான்கும் முக்கியம்.

ஆப் திறக்கவில்லையா? பேங்க் ஸ்டேட்மெண்ட் வாங்குங்கள். போனது ஒரு பக்கம், வந்தது ஒரு பக்கம் எழுதிக் கழியுங்கள். அதுதான் உண்மையான ரிசல்ட்.

2023 ஏப்ரல் 1 முதல், ஆன்லைன் விளையாட்டில் நிகரமாக ஜெயித்த பணத்தில் 30 சதவீதம் வருமான வரி பிடித்தம் செய்யும் முறை வந்தது. அப்படிப் பிடித்திருந்தால் வருமான வரித் துறை இணையதளத்தில் உங்கள் பான் எண்ணில், ஆண்டுத் தகவல் அறிக்கையில் அது தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழக அரசு 2022-ல் கொண்டு வந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் கவர்னர் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மி, போக்கர் இரண்டையும் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது.

பிறகு வந்த மத்திய சட்டம் திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று பார்க்கவில்லை. பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் தடை செய்தது. 2025 ஆகஸ்ட் 22-ல் ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.1 கோடி வரை அபராதம். பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன.

எனவே இப்போது "இந்த லிங்க்கில் வா, போக்கர் ஆடலாம்" என்று வாட்ஸ்அப்பில் யாராவது கூப்பிட்டால் உஷார். அங்கே பரிசுப் பட்டியலும் இருக்காது, கேட்க ஆளும் இருக்காது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்குப் பேசுங்கள். கடன், மன உளைச்சல் என்று தவிப்பவர்கள் 104 அல்லது 14416 எண்ணுக்குப் பேசலாம். வீட்டில் மறைக்க வேண்டாம்.

அடுத்த முறை யாராவது "ஆயிரத்து முன்னூறு அடிச்சேன்" என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, போட்டது எவ்வளவு?"