அறுபதுக்கு மேல் வீட்டுப்பாடம்

திரையில் வரிசையாக ஐந்து அம்புக்குறிகள் தோன்றும். நடுவில் இருக்கும் அம்பு இடப்பக்கம் காட்டுகிறதா, வலப்பக்கம் காட்டுகிறதா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐந்தும் ஒரே பக்கம் பார்த்தால் சிக்கலில்லை. சுற்றியுள்ள நான்கும் வலப்பக்கம் பார்க்க, நடுவில் உள்ளது மட்டும் இடப்பக்கம் திரும்பியிருக்கும்போதுதான் தடுமாற்றம். கை தானாக நான்கின் பக்கம் போகப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் வேலை. வயது ஏறும்போது தளரத் தொடங்கும் திறன்களில் இதுவும் ஒன்று. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஃபோன் அடித்ததும் பாலை மறந்துவிடுகிறோமே, அது இந்த ரகம்தான்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மிஷெல் கார்ல்சனும் சக ஆய்வாளர்களும் 17 மூதாட்டிகளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து இந்த அம்புச் சோதனையை நடத்தினார்கள். எல்லோரும் கறுப்பினப் பெண்கள். படிப்பும் வருமானமும் குறைவு. மறதி நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர்கள் கணக்குப் போடும் பிரிவினர். அவர்களில் 8 பேர் அதற்குப் பிறகு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தன்னார்வலர்களாகச் சேர்ந்தார்கள். 9 பேர் காத்திருப்புப் பட்டியலில் இருந்தார்கள். சில மாதங்கள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தபோது, பள்ளிக்குப் போனவர்களின் முன்மூளை முன்பைவிடச் சுறுசுறுப்பாக இயங்கியது. அம்புச் சோதனையிலும் தேறியிருந்தார்கள். 2009-இல் வெளியான ஆய்வு இது. அந்த 8 பேருக்கும் இதற்காக மருந்து எதுவும் கொடுக்கவில்லை. பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

17 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான். அதை வைத்துப் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால், அவர்கள் சேர்ந்திருந்த திட்டம் சிறியதல்ல.

திட்டத்தின் பெயர் எக்ஸ்பீரியன்ஸ் கோர். அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் லிண்டா ஃப்ரீட் என்ற முதியோர் நல மருத்துவர். தன்னிடம் வரும் முதியவர்கள் பலருக்கு உடல் கோளாறைவிடப் பெரிய கோளாறு, காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இல்லாததுதான் என்று அவருக்குப் பட்டது. "நடங்கள், மூளைக்கு வேலை கொடுங்கள், நாலு பேரோடு பழகுங்கள்" என்று எந்த டாக்டரும் சொல்வார்; கேட்பவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் டிவி முன்னால் உட்காருவார். எனவே ஃப்ரீட் தந்திரமாக ஒன்று செய்தார். உடல்நலத் திட்டம் என்று பேச்சே எடுக்கவில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பில் உதவ ஆள் வேண்டும், வருகிறீர்களா என்று கேட்டார்.

வந்தவர்களுக்கு வயது 60-க்கு மேல். முதலில் முறையான பயிற்சி. பிறகு பள்ளி ஆண்டு முழுக்க, வாரத்துக்கு 15 மணி நேர வேலை. பள்ளிக்கு ஒருவர் இருவர் என்று சிதறவிடாமல் கூட்டமாக அனுப்பினார்கள். போக்குவரத்துச் செலவுக்கு ஒரு சிறு தொகை உண்டு. மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளோடு வேலை. வாசிப்பு, நூலகம், சண்டை வந்தால் சமாதானம்.

நூலக வேலையை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒரு சிறுமி வந்து நாய்க் கதை வேண்டும் என்கிறாள். போன வாரம் எடுத்துப்போன புத்தகம் அவளுக்குக் கடினமாக இருந்ததா, சுலபமாக இருந்ததா என்பதை நினைவில் கொண்டுவர வேண்டும். அதற்கேற்ற புத்தகம் எது என்று முடிவெடுக்க வேண்டும். அது எந்த அலமாரி, எந்த எண் என்று தேடிக் குனிந்து எடுக்க வேண்டும். அதற்குள் பின்னால் இரண்டு பையன்கள் தள்ளிக்கொள்வார்கள்; அங்கே ஓர் அதட்டல். விட்ட இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். நினைவு, தேர்வு, கவனத்தை மாற்றுவது, கவனம் சிதறாமல் காப்பது என்று ஆய்வகத்தில் தனித்தனியாகச் சோதிக்கிற எல்லாத் திறன்களும் இந்த ஐந்து நிமிடத்தில் ஒன்றாக வேலை செய்துவிடுகின்றன. பள்ளிக்கு நடந்தது, படி ஏறியது தனிக் கணக்கு.

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். தொண்டு செய்யும் முதியவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று சொல்லும் ஆய்வுகள் ஏராளம். ஆனால், முழங்கால் வலி இல்லாதவர்தானே தொண்டு செய்யக் கிளம்புகிறார்? தொண்டால் ஆரோக்கியமா, ஆரோக்கியத்தால் தொண்டா? பத்திரிகைகளில் வரும் பல செய்திகள் இந்தக் கேள்வியிடம் தோற்றுப்போகும். பால்டிமோர் ஆய்வை நான் மதிப்பதற்குக் காரணம், அவர்கள் இதைக் குலுக்கல் முறையில் தீர்த்ததுதான். விருப்பம் தெரிவித்த 702 பேரில் யார் பள்ளிக்குப் போவது, யார் போகாமல் இருப்பது என்பதை ஆய்வாளர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, சீட்டுதான் முடிவுசெய்தது. எனவே இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஆட்கள்.

அந்த 702 பேரில் 111 பேரின் மூளையை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஸ்கேன் செய்தார்கள். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி முதுமையில் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். 2015-இல் வந்த முடிவு இது: பள்ளிக்குப் போன ஆண்களிடம் நினைவுக்குரிய பகுதிகள் சுருங்கவில்லை, 0.7 முதல் 1.6 சதவீதம்வரை கூடியிருந்தன. பெண்களிடம் பலன் இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. ஏன் என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டில் சும்மா இருப்பது பெரும்பாலும் ஆண்கள்தான், பெண்களுக்கு ஏது ஓய்வு என்பது என் ஊகம். ஆய்வு அதைச் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கும் லாபம்தான். முதல் கட்டச் சோதனையில் தன்னார்வலர்கள் இருந்த பள்ளிகளில் வாசிப்பு மதிப்பெண் உயர்ந்தது. தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பப்படும் குறும்பர்களின் எண்ணிக்கை குறைந்தது. தன்னார்வலர்கள் டிவி பார்க்கும் நேரமும் குறைந்தது. காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களுக்கு அது கூடியது!

சரி, எல்லோரும் பள்ளிக்கூடம் போக முடியுமா? முதியோர் மன்றத்தில் கூடி, பேசி, காபி குடித்து, சீட்டாடிவிட்டு வந்தால் போதாதா? இதைத்தான் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் டெனிஸ் பார்க் என்ற உளவியலாளர் நேருக்கு நேர் சோதித்தார். 60 முதல் 90 வயதுவரை 221 பேர். மூன்று மாதங்கள், வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம். ஒரு குழு டிஜிட்டல் புகைப்படக் கலையும் கணினியில் படத்தைத் திருத்தும் ஃபோட்டோஷாப்பும் கற்றது. ஒரு குழு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றது. ஒரு குழு இரண்டையும் கற்றது. இன்னொரு குழு புதிதாக எதையும் கற்கவில்லை. சேர்ந்து சமைத்தார்கள், விளையாடினார்கள், ஊர் சுற்றினார்கள். மற்றொரு குழு வீட்டிலேயே பாட்டுக் கேட்டு, சுலபமான சொற்புதிர்களைப் போட்டுக்கொண்டிருந்தது.

மூன்று மாதம் கழித்து நினைவாற்றல் சோதனை. அதிகம் தேறியவர்கள் புகைப்பட வகுப்பில் இருந்தவர்கள். கூடிக் களித்த குழு, வீட்டில் புதிர் போட்ட குழுவைவிடப் பெரிதாக முன்னேறவில்லை.

புகைப்படத்தில் அப்படி என்ன இருக்கிறது? கேமராவைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும். லென்ஸின் துளையைக் குறிக்கும் எண் தலைகீழாக வேலை செய்யும். எஃப் 2.8 என்றால் பெரிய துளை, எஃப் 16 என்றால் சிறிய துளை. துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், ஆனால் பின்னணி மங்கும். பின்னணியும் துல்லியமாக வேண்டுமென்றால் துளையைச் சுருக்க வேண்டும். அப்போது வெளிச்சம் போதாது. எனவே ஷட்டரை மெதுவாக்க வேண்டும். அப்போது கை நடுங்கினால் படம் கெட்டுவிடும். மூன்று விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் நிறுத்திக் கணக்குப் போட்டால்தான் பேரனின் முகம் ஒழுங்காக விழும். 75 வயதில் முதல்முறையாக இதைக் கற்பவருக்கு ஒவ்வொரு வகுப்பும் மல்யுத்தம்தான். பார்க் சொல்ல வருவதும் அதுதான்: தெரிந்ததையே திரும்பச் செய்வதில் மூளைக்குக் கிடைப்பது குறைவு, திணறத் திணறக் கற்பதில்தான் பலன்.

கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில் கார்த்தியாயினி அம்மா 2018-இல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வில் 100-க்கு 98 வாங்கினார். நாடே படம் போட்டு வியந்தது. வியப்பதில் ஒரு வசதி உண்டு: அபூர்வப் பிறவி என்று சொல்லி நம் வீட்டுப் பெரியவர்களை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம். ஆனால், கற்றால் மாறும் தன்மை எந்த வயது மூளையிலும் இருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், சராசரியாக 60 வயதுள்ளவர்களுக்கு மூன்று பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். கற்றவர்களின் ஹிப்போகாம்பஸ் உட்படச் சில பகுதிகள் பருத்தன. பயிற்சியை நிறுத்திய மூன்று மாதங்களில் அந்தப் பருமன் மறைந்தது. ஒருநாள் முகாம் நடத்திப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் அமைப்புகள் இந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

அப்படியானால் கூடிப் பேசுவதில் பயனே இல்லையா? அவசரப்பட வேண்டாம். ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் உள்ள டாகெடோயோ என்ற சிற்றூரில் 2007 முதல் முதியோர் கூடுமிடங்கள் நடக்கின்றன. நடத்துபவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்கள், அவர்களிலும் பலர் முதியவர்கள். அங்கே வந்து போனவர்களுக்கு, பிறர் உதவியில்லாமல் இயங்க முடியாத நிலை வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று ஐந்து ஆண்டு ஆய்வு காட்டுகிறது. இங்கே சீட்டுக் குலுக்க வழியில்லை. அதனால் ஆய்வாளர்கள் வீட்டுக்கும் கூடுமிடத்துக்கும் உள்ள தூரத்தைக் கணக்கில் எடுத்தார்கள். பக்கத்தில் குடியிருப்பதால் மட்டுமே வருகிறவர் பிறவியிலேயே ஆரோக்கியசாலி என்று சொல்ல முடியாதல்லவா? சாமர்த்தியமான யோசனை. நினைவுத் தேர்வில் மதிப்பெண் வாங்குவது வேறு, எழுந்து நடமாடி வாழ்வது வேறு. முதுமைக்கு இரண்டும் வேண்டும். எட்டு வைத்தால் எட்டும் தூரத்தில் ஓர் இடம் இருந்தால்தான் எதுவும் நடக்கும் என்பதையும் ஜப்பானியர்கள் சேர்த்தே காட்டிவிட்டார்கள்.

இந்தப் பலன் எப்படி வருகிறது என்பதற்கு விஞ்ஞானிகள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். அறிவுச் சேமிப்பு என்று சொல்லலாம். டேவிட் ஸ்னோடன் 1986-இல் தொடங்கிய கன்னியாஸ்திரிகள் ஆய்வு இதற்குப் பேர்போனது. அதில் 678 பேர் இறந்த பிறகு மூளையைத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். சிஸ்டர் மேரி என்பவர் 84 வயதுவரை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். 101 வயதில் இறப்பதற்குச் சற்று முன்பு வரை நினைவுச் சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்கினார். ஆனால், அவருடைய மூளையைத் திறந்து பார்த்தால் அல்சைமருக்குரிய படிவுகளும் சிக்கல்களும் நிறைந்திருந்தன. நோய் இருந்தது, அறிகுறி இல்லை. வாழ்நாள் முழுக்கப் பின்னிய நரம்பு இணைப்புகள் சேதத்தை ஈடுகட்டியிருக்கலாம் என்பது விளக்கம்.

நிச்சயமாகத் தெரியாததையும் சொல்லிவிட வேண்டும். கேமரா கற்றால் அல்சைமர் வராது என்று எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை. நான் மேலே சொன்னவை நினைவு, கவனம், நடமாட்டம் ஆகியவற்றில் தெரிந்த மாற்றங்கள், அவ்வளவே. இந்த இடைவெளியில்தான் வியாபாரிகள் புகுந்தார்கள். மூளைப் பயிற்சி விளையாட்டு விற்ற லுமோசிட்டி நிறுவனம், முதுமை மறதியைத் தள்ளிப்போடலாம் என்கிற அளவுக்கு விளம்பரம் செய்தது. ஆதாரமில்லாமல் பேசியதற்காக அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2016-இல் அதனிடம் 20 லட்சம் டாலர் வாங்கியது. ஃபோனில் விளையாடிப் பழகினால் பெரும்பாலும் அந்த விளையாட்டில்தான் கெட்டிக்காரராவோம்.

தமிழ்நாட்டில் 2021 கணிப்பின்படி நூற்றுக்கு 13.6 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். 2031-இல் அது 18.2 ஆகும். கேரளம்தான் நமக்கு முன்னால் இருக்கிறது. மூத்த குடிமக்கள் மன்றங்கள் நகரங்களில் நிறையவே உண்டு. அவற்றின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் ரத்த அழுத்தப் பரிசோதனை, பென்ஷன் விவரம், ஒரு சொற்பொழிவு, ஒரு பக்திச் சுற்றுலா. எல்லாம் தேவைதான். ஆனால், எல்லாவற்றிலும் பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பெற்றுக்கொள்பவர்களாகவே இருக்கிறார்கள்.

மன்றம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு சொற்பொழிவைக் குறைத்து, வாரம் மூன்று நாள் நடக்கிற, திணறவைக்கிற ஒரு வகுப்பைத் தொடங்குங்கள். கன்னட எழுத்தோ, கணினியோ, வீணையோ, எதுவானாலும் சரி. யாருக்கும் முன்பே தெரிந்ததாக இருக்கக் கூடாது. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். எழுத்துக்கூட்டுகிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். முக்கியமாக, உறுப்பினர்களின் காதுகளைப் பரிசோதியுங்கள். தடுக்கக்கூடிய மறதி நோய்க் காரணங்களைப் பட்டியலிட்ட லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், 2024 அறிக்கையில் காது கேளாமையை மேல் வரிசையில் வைத்திருக்கிறது. மன்றத்துக்கு வருவதைத் திடீரென்று நிறுத்திவிட்ட பெரியவருக்குக் கோபம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். பேசுவது காதில் விழாமல்கூட நின்றிருக்கலாம். ஒருமுறை வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.