படியில் நிற்பவன் ஏன் ஏறவில்லை? ஜேப்படி கும்பலின் தந்திரம்!

சென்னை தியாகராயநகர் பஸ் நிலையம். மாலை 6 மணி. இறங்குகிறவர்களை இறங்க விடாமல் ஏறுகிறவர்கள் முட்டி மோதுகிறார்கள். "உள்ளே போங்க சார், உள்ளே போங்க" என்று கண்டக்டர் கத்துகிறார்.

அந்த அரை நிமிடம்தான் ஜேப்படி ஆசாமிகளுக்கு வேலை நேரம்!

ஒருவன் படியில் காலை வைத்துவிட்டு மேலே ஏறாமல் நிற்பான். "இந்த பஸ் எங்கே போகுது?" என்று சாவகாசமாகக் கேட்பான். பின்னால் நிற்பவருக்கு எரிச்சல் வரும். அந்த நேரம் பார்த்து இன்னொருவன் அவரை முதுகுப் பக்கம் நெருக்குவான். கவனம் முன்னால், பாக்கெட் பின்னால்!

உருவிய பர்ஸ் அவன் கையில் தங்காது. கீழே நிற்கும் மூன்றாவது ஆளிடம் போய்விடும். அவன் பஸ்சிலேயே ஏற மாட்டான். சந்தேகப்பட்டவனைச் சோதனை போட்டாலும் ஒன்றும் கிடைக்காது.

போர்டைப் பார்த்ததும்...

"பிக்பாக்கெட் ஜாக்கிரதை" போர்டைப் பார்த்ததும் பலர் தங்களை அறியாமல் பாக்கெட்டைத் தொட்டுப் பார்க்கிறார்கள். பணம் எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் நிற்கும் திருடனுக்கு அவர்களே சொல்லிக் கொடுக்கிறார்கள்!

பேங்க் வாசலில் வேறு தந்திரம். "அண்ணே, உங்க பணம் கீழே கிடக்கு" என்பான். பார்த்தால் நாலைந்து 10 ரூபாய் நோட்டு. குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் வண்டியில் மாட்டியிருந்த பை போயிருக்கும்.

பர்சை முன் பாக்கெட்டில் வையுங்கள். டிக்கெட்டுக்குச் சில்லறையைத் தனியே எடுத்து வையுங்கள். பெண்கள் கைப்பையை முதுகில் தொங்கவிடாமல் முன்னால் அணைத்துக் கொள்ள வேண்டும். சங்கிலியை ஊக்கால் ஜாக்கெட்டோடு சேர்த்துக் குத்திக் கொள்வது பழைய வழக்கம்தான். ஆனால் நல்ல வழக்கம்.

சம்பளம் அல்ல, பேங்க்கே போகும்

முன்பு பிக்பாக்கெட் என்றால் ஒரு மாதச் சம்பளம் போகும். இன்று போன் போனால் பேங்க் கணக்குக்கே ஆபத்து.

மின்சார ரெயிலில் வாசல் ஓரம் நின்று போன் பேசுவது மிகவும் ஆபத்து. ரெயில் மெதுவாகப் போகும்போது கையைக் கம்பால் தட்டி போனைக் கீழே விழ வைக்கிறார்கள். 2023 ஜூலையில் சென்னை இந்திராநகர் பறக்கும் ரெயில் நிலையத்தில் போன் பறிப்பின்போது விழுந்த இளம்பெண் ஒருவர் ஆஸ்பத்திரியில் உயிரிழந்தார். போனை விடலாம், பின்னால் பாயாதீர்கள்.

போன் போனால் முதலில் பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி சிம்மை முடக்கச் சொல்லுங்கள். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓ.டி.பி. திருடனுக்குப் போகும். சிம்முக்கும் 'பின்' போட்டு வைத்திருந்தால் தப்பலாம். அடுத்து பேங்குக்குச் சொல்லுங்கள். பணம் எடுக்கப்பட்டு விட்டால் உடனே 1930.

ஏ.டி.எம். கார்டு உறையிலேயே ரகசிய எண்ணை எழுதி வைக்கிற புண்ணியவான்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் காப்பாற்ற முடியாது!

இன்றே *#06# அழுத்துங்கள். வரும் 15 இலக்க எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள். போலீசில் புகார் கொடுத்த பிறகு, அந்த எண்ணை மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். இணையதளத்தில் பதிந்தால் போன் எந்த சிம்மிலும் வேலை செய்யாதபடி முடக்கப்படும்.

7 ஆண்டு வரை ஜெயில்

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-வது பிரிவில் ஜேப்படியும் சேர்க்கப்பட்டுள்ளது. கும்பலாகச் சேர்ந்து செய்தால் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு ஜெயில். எந்த போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "இது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஓடும் ரெயிலில் என்றால் 139-க்கு போன் செய்யலாம்.

பர்ஸ் போனவர்கள் அக்கம் பக்கத்துக் குப்பைத் தொட்டியையும் ஒரு தடவை பார்த்து விடுங்கள். பல திருடர்கள் பணத்தை மட்டும் எடுத்துக் கொண்டு, லைசென்சையும் ஆதார் கார்டையும் பர்சோடு வீசிவிட்டுப் போய்விடுகிறார்கள்.