பத்து மாடு, மூன்று ஆள்: பால் பண்ணையாளர் சோர்ந்து போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

பால் பண்ணை தொடங்கிய முதல் வருடம் யாரும் சோர்வதில்லை. மூன்றாவது, நான்காவது வருடத்தில்தான் சிக்கல். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்தால், சாயங்காலப் பால் சொசைட்டிக்குப் போய்ச் சேரும் வரை ஓட்டம்தான். தீபாவளி, பொங்கல் எல்லாம் மாட்டின் மடிக்குத் தெரியாது. பயிற்சிக்கு வரும் பண்ணையாளர்களிடம் நான் கேட்பதுண்டு: கடைசியாக எந்தக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டீர்கள்? பலர் சிரிப்பார்கள், பதில் வராது.

இத்தனைக்கும் பத்துப் பதினைந்து மாடு வைத்திருப்பவர்களிடம் இரண்டு மூன்று வேலையாட்கள் இருக்கிறார்கள். சாணி அள்ளுவது, புல் அறுப்பது, பால் கறப்பது எல்லாம் அவர்கள்தான். ஆனால் எந்த மாடு எப்போது சினைப்பருவத்துக்கு வரும், எதற்குப் பால் குறைந்தது, தவிடு எத்தனை நாளைக்கு வரும் என்ற கவலை மட்டும் முதலாளியின் தலையிலேயே இருக்கிறது. களைப்பு அங்கிருந்துதான் வருகிறது.

அந்தக் களைப்பு பணத்தையும் தின்னும். சினைப்பருவம் ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை வரும். அறிகுறி தெரிவது 12 முதல் 18 மணி நேரம்தான். அதுவும் பல மாடுகள் இரவிலும் விடியற்காலையிலும்தான் காட்டும். அசந்து தூங்கி அதைத் தவறவிட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் தீவனச் செலவு ஓடும், அடுத்த கன்றும் பாலும் தள்ளிப்போகும்.

எனவே முதலில் இந்த ஒரு பொறுப்பைக் கொட்டகையிலேயே தங்கும் ஆளிடம் முழுமையாகக் கொடுத்துப் பாருங்கள். அடிக்கடி கத்துவது, கண்ணாடி போன்ற வழவழப்பான திரவம், பால் குறைவது ஆகிய அறிகுறிகளை மாட்டைக் காட்டியே சொல்லிக் கொடுங்கள். மற்ற மாடு மேலே தாவும்போது நகராமல் நிற்பதுதான் நம்பகமான அறிகுறி. காலையில் தெரிந்தால் அன்று மாலையும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையும் சினை ஊசி போட வேண்டும். சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி மாட்டின் பெயரையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். ஊசி போடுபவரை அவரே போனில் அழைக்கட்டும். உங்களைக் கேட்டுவிட்டுத்தான் அழைக்க வேண்டும் என்றால் பொறுப்பு மறுபடி உங்களிடமே வந்துவிடும். முதல் மாதம் ஒன்றிரண்டு தவறும். அதற்காகப் பொறுப்பைப் பிடுங்கிவிடாதீர்கள். நம்மில் பலர் செய்யும் தப்பு அதுதான்.

இரண்டு மூன்று மாதம் கழித்துக் கால்நடை மருத்துவர் சினையை உறுதி செய்த அன்றைக்கே, உங்களால் முடிந்த ஒரு தொகையை அவர் கையில் கொடுங்கள். முன்பணக் கணக்கில் கழிக்க வேண்டாம்.

பால் அளவிலும் தினமும் மனதை விடாதீர்கள். பண்ணையின் மொத்தப் பாலுக்கு வாரச் சராசரி பார்த்தால் போதும். ஒரே மாட்டில் திடீரென்று குறைந்தால் மட்டும் அன்றே மடியைச் சோதியுங்கள், மடிநோயாக இருக்கலாம்.

அடுத்தது ஓய்வு. வாரத்தில் ஒரு மாலை நீங்கள் கொட்டகைக்குப் போகாதீர்கள். ஆட்களுக்கும் முறை வைத்து விடுப்பு கொடுங்கள். கறக்கும் கை மாறினால் சில மாடுகள் பாலை அடக்கிக்கொள்ளும். அதனால் மாற்று ஆள் ஒரு வாரம் முன்பிருந்தே பக்கத்தில் நின்று தீவனம் வைத்து, மாட்டைத் தடவிப் பழகட்டும். முதல் மாலை போன் செய்து கேட்கத் தோன்றும். ஒரு முறை கேளுங்கள், போதும்.