ஊர்காவற்றுறை: ஒரு துறைமுகப் பட்டினத்தின் வரலாறும் அதன் சமூக அடித்தளமும்

1. தோற்றுவாய்

ஊர் வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு வினாக்களுடனேயே தொடங்குகின்றனர். இவ்வூரை ஆண்டவர் யார்? இங்குக் கோட்டை கட்டியவர் யார்? ஒருகாலத்தில் அரசர்தம் ஆணையும் தளபதியர்தம் கொடியும் விளங்கி, இன்று அவையெல்லாம் மறைந்து சிறுத்துப்போன பட்டினங்களைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் இயல்பாகவே எழுவன. ஆயினும் அவற்றோடு அமைந்துவிடும் வரலாறு, கல் நாட்டியவனைக் காட்டுமேயன்றிக் கல் சுமந்தவனைக் காட்டாது. யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் தலைப்பட்டினமாகிய ஊர்காவற்றுறையை இந்நோக்கிலே ஆராய்வது பயனுடைத்து.

வேலணைத்தீவின் வடமேற்கு அந்தத்திலே, ஒடுங்கிய கடற்பரப்பொன்றுக்கு அப்பாலுள்ள காரைநகரை நோக்கியவாறு அமைந்துள்ளது இப்பட்டினம். கடலின் நடுவே சிறு திட்டொன்றில் ஒரு கோட்டை. கரையிலே பற்றைகளுக்கிடையில் மற்றொரு கோட்டையின் இடிபாடு. தேவாலயங்கள், பாடசாலைகள், ஒரு சிறிய கடைத்தெரு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலங்கை முழுவதையும் ஆண்ட பேரரசன் ஒருவன் இத்துறையின் பொருட்டுத் தனியாணை பிறப்பித்தான் என்பதனை இன்று இங்கு வந்து நிற்பவர் எளிதில் நம்பார். இப்பட்டினத்தை வளர்த்தது அரண்மனையன்று, சுங்கமே என்பதும், சுங்கம் கொண்டவரும் உழைப்பு நல்கியவரும் எக்காலத்தும் வேறு வேறானவராய் இருந்தமையே இதன் வரலாற்றின் அடிப்படை முரண்பாடு என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவ முனையும் கருத்துகளாகும்.

2. பெயர்கள் உணர்த்துவன

பட்டினத்தின் பெயரே பல கைகள் மாறியுள்ளது. பழைய தமிழ்ச் சாசன வழக்கில் இது ஊராத்துறை. சிங்கள வழக்கில் ஊராத்தொட்ட. 'ஊரா' என்பது சிங்களத்திற் பன்றியைக் குறிக்குமாதலின் பாளி நூலோர் அதனைச் 'சூகரதித்த', அதாவது பன்றித்துறை, என மொழிபெயர்த்துக்கொண்டனர். பிற்காலத் தமிழர் அதே ஒலிக்குள் 'ஊரைக் காவல்செய்யும் துறை' என்னும் பொருளைக் கண்டு ஊர்காவற்றுறை என்றனர். போர்த்துக்கேயருக்கு இது 'காயிஸ்', அஃதாவது கப்பல் அணையும் மேடை. அதுவே பின்னர்க் 'கைற்ஸ்' என ஆங்கில வழக்கில் நிலைத்தது. ஒல்லாந்தர் தம் தாயகத்து நகரப் பெயர்களைத் தீவுகள்தோறும் சூட்டினர். வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. இவற்றுள் டெல்வ்ற் மாத்திரமே பொதுவழக்கில் எஞ்சியது.

இப்பெயர்களை ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தம் மொழியின் பொருளை இத்துறைமீது ஏற்றினர். ஆயின் துறை என்னும் தன்மையை எவராலும் மாற்றவியலவில்லை. தொட்ட, தித்த, துறை, காயிஸ் என்பன யாவும் கரையில் இறங்கும் இடத்தையே சுட்டுவன. ஊரின் தொழிலே ஊரின் பெயராயிற்று.

3. நயினாதீவுச் சாசனம்

இத்துறை பற்றிய மிக முக்கியமான சான்று, நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள கல்வெட்டாகும். பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். அதனைப் பொறிப்பித்தவன் முதலாம் பராக்கிரமபாகு (1153-1186). பொலநறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன் பொறிப்பித்த அச்சாசனத்தின் மொழி தமிழ். இவ்வொரு செய்தியை வைத்துக்கொண்டு இனப்பெருமை பேசுவோர் இருபக்கத்தும் உளர். கல் எம்முடையது என்பார் ஒருசாரார். ஆணை எம்முடையது என்பார் மற்றொருசாரார். சாசனத்தின் உள்ளடக்கமோ இருவரையும் பொருட்படுத்தாது வேறொன்றைப் பேசுகின்றது.

வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்து இறங்குதல் வேண்டும்; அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படுதல் வேண்டும் என்கின்றது அது. மேலும், மன்னனுக்கு யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்துவிடின், நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கு எடுக்கப்பட்டு எஞ்சிய மூன்று கூறும் உடையவனுக்கு விடப்படும். ஏனைய பண்டங்கள் கொண்டுவரும் மரக்கலம் உடையின், பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

இவ்விரு வீதங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கவனித்தற்பாலது. யானையும் குதிரையும் படைக்கருவிகள். பராக்கிரமபாகு பாண்டிநாட்டு அரசுரிமைப் போரிலே தலையிட்டவன். இராமஞ்ஞ தேசம் எனப்பட்ட பர்மாமீது கடற்படை அனுப்பியவன். பர்மாவுடன் நேர்ந்த பிணக்கின் காரணங்களுள் யானை வணிகத்துக்கு அந்நாட்டார் விதித்த தடைகளும் ஒன்றென்று சூளவம்சம் கூறும். எனவே படைவிலங்கு கொணர்வோனுக்குச் சலுகையும் பிறபண்டம் கொணர்வோனுக்குக் கூடிய அறவீடும் விதிக்கப்பட்டமை அரசின் போர்த்தேவையிலிருந்து பிறந்ததாகும். சாசனம் தமிழில் அமைந்தமைக்கும் காரணம் இதுவே. துறைமுகத்து வணிகரின் மொழி எதுவோ அதுவே துறைமுகச் சட்டத்தின் மொழியாயிற்று.

இதனை உலக வரலாற்றோடு பொருத்திப் பார்த்தல் தகும். உடைந்த கலத்தின் பொருள் முழுவதும் கரைக்குரிய அதிபதிக்கே சொந்தம் என்பது நிலமானிய உலகின் பரவலான வழக்கு. இங்கிலாந்தின் 1275ஆம் ஆண்டு வெஸ்ற்மின்ஸ்ரர் சட்டம், கலத்திலிருந்து மனிதனோ நாயோ பூனையோ உயிரோடு தப்பின் அதனை உரிமையற்ற பொருளாகக் கொள்ளலாகாது என விதித்தது. ஆந்திரக் கரையிலே காகதிய மன்னன் கணபதிதேவன் 1244இல் மோட்டுப்பள்ளியிற் பொறிப்பித்த அபய சாசனம், முன்னைய மன்னர் கலம் உடைந்தாரின் பொருளைக் கவர்ந்துகொண்டனர் என்றும் தான் உரிய சுங்கம் மாத்திரமே கொள்வதாகவும் அறிவித்தது. வணிக மூலதனம் வலுப்பெறுந்தோறும் அரசு தன் பழைய உரிமையைப் படிப்படியாகச் சுருக்கிக்கொண்டது. ஊராத்துறை ஆணை இவ்விரண்டினுக்கும் காலத்தால் முற்பட்டது.

எனினும் இச்சாசனம் சொல்லாது விட்டதையும் நாம் நோக்குதல் வேண்டும். கலம் உடைந்தால் பண்டாரத்துக்குப் பங்கு உண்டு. உடையவனுக்குப் பங்கு உண்டு. பாய் இழுத்தவனும் சுக்கான் பிடித்தவனும் இப்பங்கீட்டில் எங்கும் தோன்றுகின்றாரில்லை. மூழ்கிய யானைக்கு வீதம் வகுத்த சட்டத்தில் மூழ்கிய மாலுமிக்கு ஒரு சொல்லேனும் இல்லை.

துறை தந்த வளமே துறைக்குப் பகையையும் தந்தது. பராக்கிரமபாகு ஊராத்துறை, மாதோட்டம் முதலிய இடங்களிற் படைதிரட்டிக் கப்பல் கட்டுவித்தமையையும், சோழர் சார்பிலே சென்ற படை அவ்விடங்களை அழித்து யானைகளைக் கவர்ந்தமையையும் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுச் சாசனம் வெற்றியாகப் போற்றுகின்றது. அழிந்த குடிகளின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட சாசனம் எதுவும் இல்லை.

4. கோட்டைகளும் ஊழியமும்

1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைத் தம் நேராட்சிக்குள் கொணர்ந்தனர். வன்னியிலே பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குள் நடத்தி வரப்பட்டு, ஊர்காவற்றுறையிலே கப்பலேற்றப்பட்டன. இங்கே கரைக்கோட்டையும் கடற்கோட்டையும் எழுந்தமை இவ்வணிகத்தையும் யாழ்ப்பாணத்துக்கான கடல்வாயிலையும் காத்தற்பொருட்டே. 1658இல் ஒல்லாந்தர் படையெடுத்தபோது கடற்கோட்டை வீழ்ந்தமைக்கு அதனுள் இருந்தோருக்குக் குடிநீர் இல்லாமற்போனமையே முக்கிய காரணம் என்பது அப்படையோடு வந்த பாதிரியார் பல்டேயஸ் விட்டுச்சென்ற விவரத்தால் அறியப்படும். சுற்றிலும் கடலிருக்கத் தாகத்தாற் கோட்டை வீழ்ந்த இச்செய்தி, நன்னீர் அரிதான தீவகத்தின் இயல்பை நன்கு உணர்த்துவது. இலங்கைத் தீவைப் பன்றித்தொடை இறைச்சிக்கு ஒப்பிட்ட ஒல்லாந்தர், அதன் குதிப்பகுதியில் அமைந்ததெனக் கருதி இக்கோட்டைக்கு 'ஹமன்ஹீல்' எனப் பெயரிட்டனர். இவ்வுவமை வெறும் வேடிக்கையன்று. நாட்டை உண்பொருளாகக் கண்டவரின் பார்வை அதிலே வெளிப்படுகின்றது.

ஒல்லாந்தர் காலத்திலும் யானை வாங்குதற்குக் கோல்கொண்டா, வங்காளம் முதலிய பகுதிகளின் வணிகர் வந்தனர். துணியும் அரிசியும் கொணர்ந்தனர். இவ்வணிகத்தின் அடியிலே கிடந்தது கட்டாய உழைப்பு. வன்னியர் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். காட்டிலே அவற்றைப் பிடித்தவர் வன்னியரின் குடிகள். தீவகத்து மணற்பாங்கான நிலங்களிலே துணிக்குச் சிவப்பேற்றும் சாயவேரைத் தோண்டும் கடமை குறித்த சாதியினர்மீது சுமத்தப்பட்டது. 'ஊழியம்' என்னும் பெயரால் ஆண்டில் சில நாள்கள் கூலியின்றி உழைத்தல் கட்டாயமாயிருந்தது. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை அடிமைகள் பற்றிய விதிகளையும் உள்ளடக்கியது. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1844இலேயே. அந்நியர் ஆட்சி இங்கிருந்த சாதியமைப்பை உடைக்கவில்லை. அதனைத் தன் வருவாய்க்கு ஏற்றதொரு கருவியாக்கிக்கொண்டது. இதனை அந்நியர்மீது மட்டும் சாட்டிவிட்டு நாம் விலகிவிடவும் இயலாது. அக்கருவியின் பிடி உள்ளூர் மேலோர் கையிலேயே இருந்தது.

5. துறை ஒடுங்கியமையும் மக்கள் பெயர்ந்தமையும்

1795இல் யாழ்ப்பாணம் பிரித்தானியர் வசமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகையிலையும் பனைமரமும் ஏற்றுமதியாயின. நெல்லும் அரிசியும் இந்தியக் கரையிலிருந்து பாய்க்கப்பல்களில் வந்திறங்கின. 1902இல் குடாநாட்டில் ஓடத் தொடங்கிய புகையிரதம் 1905இல் கொழும்பு வரை இணைக்கப்பட்டது. சரக்கின் திசை கடலிலிருந்து தரைக்குத் திரும்பியது. சுங்கத்தால் வளர்ந்த பட்டினம் சுங்கம் குன்றவே தானும் குன்றியது. கோட்டைகள் இருந்தன, அவற்றைக் கட்டுவித்த காரணம் இல்லாதொழிந்தது.

பண்டம் ஏற்றிய துறை அதன்பின்னர் மனிதரை ஏற்றத் தொடங்கியது எனலாம். மிசன் பாடசாலைகளிற் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தையும் மலாயாவையும் நாடினர். ஏனையோர் தென்னிலங்கைப் பட்டினங்களிலே கடை வைத்தும் கடைச் சிப்பந்திகளாய் உழைத்தும் தீவகத்துக்குப் பணம் அனுப்பினர். ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனிலே 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகள் தமிழாராய்ச்சியை உலகின் பல நாடுகளுக்கும் கொண்டுசென்றமையும் இப்பெயர்ச்சியின் பின்னணியில் வைத்து விளங்கிக்கொள்ளத்தக்கது.

தென்னிலங்கையை நம்பிய இப்பொருளாதாரத்தை 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் தகர்த்தன. கடைகளை இழந்து ஊர் திரும்பியோரை ஊரும் நெடுநாள் தாங்கவில்லை. 1990இல் படை நடவடிக்கைகள் தீவகத்தை எட்டியபோது மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர், பலர் காணாமற்போயினர். போர் 2009இல் முடிந்தபின்னரும் வெளியேறியோரிற் பலர் மீளவில்லை. கூரையற்ற வீடுகளும் பாழ்பட்ட கிணறுகளும் தீவகமெங்கும் எஞ்சின. கடற்கோட்டையோ பழுதுபார்க்கப்பட்டுக் கடற்படையினர் நடத்தும் உல்லாச விடுதியாக மாறியது.

6. முடிவுரை

கோட்டை காப்பாற்றப்பட்டு வீடுகள் அழிய விடப்பட்டமை, மேலே கூறிய வரலாற்றின் தொடர்ச்சியேயாகும். தொல்சின்னங்கள் பேணப்படல் வேண்டுமென்பதில் எமக்கு மறுப்பில்லை. ஆயின் எவற்றைத் தொல்சின்னம் என்கின்றோம் என்பது வினவுதற்குரியது. யானை நடந்த தடமும், சாயவேர் தோண்டிய மணலும், பாய்க்கப்பல் கட்டிய கரையும், 1990இல் அடைக்கப்பட்டுப் பின் திறக்கப்படாத கதவும் வரலாற்றுச் சான்றுகளே. இன்னும் உயிரோடிருக்கும் கடலோடிகளிடத்தும் கடைச் சிப்பந்திகளிடத்தும் கேட்டெழுதப்பட வேண்டியவை மிகப் பல. அவர்தம் தலைமுறையோ மறைந்துகொண்டிருக்கின்றது. பல்கலைக்கழகத்து மாணவர் இப்பணியை மேற்கொள்வராயின், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சாசனம் எழுதியோர் விட்டுச்சென்ற இடைவெளியில் ஒரு வரியையேனும் நாம் நிரப்பியவராவோம்.