வளைகுடா வேலைக்கு ஆள் போகுது... குடும்பம் மட்டும் போக முடியல! விசா கணக்கு சொல்வது என்ன?

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்கு போகிறவர்கள் எண்ணிக்கை கொரோனாவுக்கு பிறகு மறுபடியும் ஏறியது. ஆனால் மனைவி, பிள்ளைகளை கூட அழைத்துப் போகும் குடும்ப விசா மட்டும் சாதாரண தொழிலாளிக்கு எட்டாக்கனியாகவே இருக்கிறது.

ராமநாதபுரம், புதுக்கோட்டை, கடலூர் பக்கம் வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "பொண்ணையும் கூட்டிட்டு போயிடுவாரா?" என்பதுதான். இதற்கு பதில் மாப்பிள்ளை கையில் இல்லை. அவருடைய சம்பள சீட்டில் இருக்கிறது.

8 லட்சம் எங்கே போனது?

10-ம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்கு போக மத்திய அரசிடம் எமிகிரேஷன் கிளியரன்ஸ் வாங்க வேண்டும்.

2014-ல் இப்படி வாங்கியவர்கள் சுமார் 8 லட்சம் பேர். 2017-ல் இது 4 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. கொரோனா வந்த 2020-ல் வெறும் 94 ஆயிரம். 2022-ல் 3 லட்சத்து 73 ஆயிரமாக எழுந்தது.

இது வேலைக்கு போகிற ஆட்களின் கணக்கு மட்டும்தான். மனைவி, மக்கள் இதில் வரமாட்டார்கள். அவர்களுக்கு அந்தந்த நாடு தனியாக கோடு போட்டு வைத்திருக்கிறது.

குவைத்: 250 டூ 800

அந்த கோடு எப்படி ஏறியது என்பதற்கு குவைத்தே சாட்சி. 2016 வரை மாதம் 250 தினார் சம்பளம் இருந்தால் குடும்பத்தை அழைக்கலாம். அந்த ஆண்டே அது 450 ஆனது. 2019-ல் 500.

2022-ல் குடும்ப விசாவையே நிறுத்தி விட்டார்கள். 2024 ஜனவரியில் திரும்ப திறந்தபோது 800 தினார் சம்பளம் வேண்டும், பட்டப்படிப்பும் வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் பட்டப்படிப்பை தளர்த்தினார்கள். சம்பளம் இறங்கவில்லை.

800 தினார் என்றால் நம்ம ஊர் பணத்துக்கு 2 லட்சம் ரூபாய்க்கு மேல். டிரைவருக்கும், கொத்தனாருக்கும் யார் இதை கொடுப்பார்கள்?

தலைக்கு 400 ரியால்

சவுதியில் அடி வேறு மாதிரி. 2017 ஜூலையில், கூட இருக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் போட்டார்கள். வருஷா வருஷம் 100 கூட்டி 2020-ல் 400 ஆக்கி விட்டார்கள்.

மனைவி, 2 பிள்ளைகள் என்றால் மாதம் 1,200 ரியால். வருடத்துக்கு 14 ஆயிரத்து 400 ரியால். ரூபாயில் 3 லட்சத்தை தாண்டும். வீட்டு வாடகை, பள்ளிக்கூட பீஸ் எல்லாம் இதற்கு மேல். சமாளிக்க முடியாமல் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, திரும்பவும் 'பேச்சுலர்' ரூமுக்கே போனவர்கள் ஏராளம்.

அக்காமாவில் என்ன வேலை என்று போட்டிருக்கிறது என்பதையும் அங்கே பார்ப்பார்கள். கூலித் தொழிலாளி என்றிருந்தால் குடும்ப விசா கிடைப்பது கஷ்டம்.

துபாய் கொஞ்சம் பரவாயில்லை. 2019-ல் என்ன வேலை என்பதை பார்ப்பதை விட்டுவிட்டு சம்பளத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்தார்கள். 4 ஆயிரம் திர்ஹம், அல்லது 3 ஆயிரத்தோடு கம்பெனி வீடு. அதுவும் ரூபாயில் 90 ஆயிரத்துக்கு மேல்தான்.

ஏஜெண்டிடம் கேட்க வேண்டியது

"பேமிலி விசாவும் சேர்த்து முடிச்சு தர்றேன்" என்று எந்த ஏஜெண்டாவது பணம் கேட்டால் உஷார். சம்பளம் அந்த கோட்டை தொடாவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் காட்டுவது விசிட் விசாவாக இருக்கலாம். நாள் முடிந்ததும் குடும்பம் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

பதிவு பெற்ற ஏஜெண்ட், வேலைக்கு அனுப்ப சேவை கட்டணமாக 30 ஆயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். அவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம்.

சம்பளம் எட்டுகிறவர்கள் முதலில் திருமணத்தை பதிவு செய்து சான்றிதழ் வாங்கி வைக்கணும். குவைத், துபாய்க்கு அதில் மாநில அரசு, வெளியுறவுத்துறை, அந்த நாட்டு தூதரகம் என்று வரிசையாக முத்திரை விழ வேண்டும். கல்யாண பத்திரிகையும் போட்டோவும் அங்கே செல்லாது.