நைட் ஷிப்ட் உடம்பு: இரவில் உழைப்பவர்கள் அறிய வேண்டிய உயிரியல்

சூரமங்கலத்துக்கு இரவு என்று தனியாக ஒன்று கிடையாது. சேலம் ஜங்ஷன் இருப்பது இங்கேதான். சென்னையிலிருந்து கிளம்பும் நீலகிரி, சேரன், ஏற்காடு எக்ஸ்பிரஸ் வண்டிகள் எல்லாம் நள்ளிரவு தாண்டித்தான் இந்த ஸ்டேஷனைத் தொடுகின்றன. வண்டியை ஓட்டி வரும் லோகோ பைலட், இருட்டில் டார்ச் அடித்துத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கும் டிராக்மேன், பிளாட்பாரத்தில் டீ விற்பவர், வெளியே காத்திருக்கும் ஆட்டோக்காரர் என்று எத்தனையோ பேர் விழித்திருக்கிறார்கள். உழவர் சந்தைக்குக் காய்கறி கொண்டுவரும் விவசாயிகளும் விடிவதற்கு வெகு முன்பே கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் தள்ளிப் போனால் சேலம் உருக்காலையில் நைட் ஷிப்ட். இளம்பிள்ளை, திருச்செங்கோடு, பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிகள். நாமக்கல், சங்ககிரியிலிருந்து புறப்பட்ட லாரிகள் நெடுஞ்சாலையில்.

இவர்களிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒரே மாதிரியான பதில்கள்தான் வரும். பகலில் படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. வயிறு எப்போதும் உப்புசமாகவே இருக்கிறது. நாற்பது வயதுக்குள் சர்க்கரை வந்துவிட்டது. சின்ன விஷயத்துக்கும் வீட்டில் எரிச்சல் வருகிறது. “வயசாயிருச்சு”, “உடம்பு ஒத்துழைக்கல” என்று சொல்லி அவர்களே சமாதானமும் ஆகிவிடுகிறார்கள். ஆனால் இந்தத் தொல்லைகள் பலவற்றுக்கும் ஒரு பொதுவான வேர் உண்டு. அது நம் உடம்பு நேரத்தைக் கணக்கிடும் விதத்தில் இருக்கிறது.

உடம்புக்குள் ஓடும் கடிகாரம்

மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. அங்கே, கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு தொகுப்பு உள்ளது. அதுதான் உடம்பின் தலைமைக் கடிகாரம். விழித்திரையில் பார்ப்பதற்கான அணுக்கள் தவிர, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் அறிந்து இந்தக் கடிகாரத்துக்குச் சொல்லும் தனி அணுக்களும் உள்ளன. நீல நிற ஒளிக்கு இவை மிகவும் கூர்மையாக எதிர்வினை காட்டும். பகல் வெளிச்சத்திலும் செல்போன் திரையிலும் எல்.இ.டி. விளக்கிலும் அந்த ஒளி நிறைய இருக்கிறது.

பொழுது சாய்ந்து இருள் கவிந்ததும் பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. இரவு வந்துவிட்டது என்ற செய்தியை உடம்பெங்கும் கொண்டுபோவது அதுதான். விடியும் வேளையில் மெலடோனின் குறைந்து கார்டிசால் ஏறுகிறது. உடம்பு எழுந்து இயங்கத் தயாராகிறது. உடல் வெப்பம், ரத்த அழுத்தம், பசி, செரிமானம் எல்லாமே இந்த 24 மணி நேரச் சுற்றில்தான் ஏறி இறங்குகின்றன.

கல்லீரல், கணையம், இதயம், குடல் ஒவ்வொன்றிலும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. தலைமைக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்கிறது. குடலும் கல்லீரலும் சாப்பாட்டு நேரத்தையும் பார்த்து நேரம் வைத்துக்கொள்கின்றன. நள்ளிரவில் சாப்பிட்டுப் பகலில் தூங்குபவருடைய உடம்பில் இவை ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகின்றன. கட்டுப்பாட்டு அறை ஒரு நேரமும் ஸ்டேஷன்கள் வேறு நேரமும் வைத்துக்கொண்டால் வண்டிகள் எப்படி ஓடுமோ, அப்படித்தான் உடம்பும் ஓடுகிறது.

மதுரையில் நடந்த ஆய்வு

இந்தத் துறைக்குத் தமிழ்நாட்டின் பங்களிப்பு சிறியதல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் வௌவால்களை வைத்து ஓர் அருமையான ஆய்வு செய்தார்கள். மதுரைக்கு அருகே, வெளிச்சமே எட்டாத ஒரு குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். அதனால் சூரியனைப் பார்க்க முடியாது. ஆனாலும் குகையிலிருந்த மற்ற வௌவால்கள் மாலையில் பறந்து போவதையும் விடியலில் திரும்பி வருவதையும் ஒட்டி, கூண்டு வௌவாலும் சரியான நேரத்துக்குச் சிறகடித்தது. கூட்டம் இல்லாத இடத்தில் வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் தனிப்போக்கில் நகர்ந்தது. உடம்பின் கடிகாரத்தைச் சுற்றியிருப்பவர்களின் நடமாட்டமும் திருத்தும் என்பதற்கு இது அழுத்தமான சான்று.

ஜன்னலும் கடிகாரமும் இல்லாத தனியறையை அமைத்து, அதில் மனிதர்களைத் தங்கவைத்தும் இக்குழு ஆய்வு செய்தது. சந்திரசேகரனுக்கு 1983-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது. உயிரணுவுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களின் ‘பீரியட்’ மரபணு வழியாகக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வெளியிலிருந்து எந்தத் தகவலும் இல்லாவிட்டால் பெரும்பாலான மனிதர்களின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஓடும். ஷிப்ட் அட்டவணை போடுபவர்களுக்கு உதவும் உண்மை இது. காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

அதிகாலை மூன்று மணியின் ஆபத்து

இரவு இரண்டு மணி முதல் விடிகாலை ஆறு வரை மனித உடம்பின் விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும். உடல் வெப்பம் நான்கு, ஐந்து மணி வாக்கில் அடிமட்டத்தைத் தொடுகிறது. கண் திறந்திருக்கும்போதே சில விநாடிகள் மூளை தூங்கிவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி மூன்று விநாடியில் 65 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். டிரைவருக்கு அந்த மூன்று விநாடி நினைவிலேயே இருக்காது.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவருடைய கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று 1997-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 0.03 சதவீதம்தான். காலையிலிருந்து வீட்டு வேலை, கல்யாணம், காதுகுத்து என்று அலைந்துவிட்டு அப்படியே இரவு ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் ஒரு சொட்டு குடிக்காமலே அந்த நிலைக்குப் போய்விடுகிறார். அனுபவமோ மனவுறுதியோ இதைத் தடுக்காது. தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டுமே.

நள்ளிரவுப் பரோட்டாவும் சர்க்கரையும்

இரவு ஒரு மணிக்குப் பசிக்கிறது. திறந்திருப்பது பரோட்டாக் கடை. இரண்டு பரோட்டா, சால்னா, ஓர் ஆம்லெட், பிறகு சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. அதே உணவைக் காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டிருந்தால் ரத்தச் சர்க்கரை அவ்வளவு ஏறியிருக்காது. இரவில் இன்சுலின் சுரப்பும் மந்தம். அது வேலை செய்யும் திறனும் குறைவு. குடலின் அசைவும் தணிந்திருக்கும். நெஞ்செரிச்சலும் உப்புசமும் அதனால்தான்.

2021-ல் அமெரிக்காவில் 19 பேரை ஆய்வகத்தில் தங்கவைத்து நைட் ஷிப்ட் போன்ற சூழலை உருவாக்கிப் பார்த்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களின் சராசரிச் சர்க்கரை அளவு 6.4 சதவீதம் கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் குறிப்பிடும்படி கூடவில்லை. வேலை நேரத்தை மாற்ற முடியாதவருக்கும் சாப்பாட்டு நேரம் ஓரளவு கையில் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். இதய நோயிலும் இரவு வேலைக்குப் பங்குண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான அறிக்கை, ஷிப்ட் வேலை செய்பவர்களிடம் மாரடைப்பு 23 சதவீதம் அதிகம் என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை ‘அநேகமாகப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது’ என்ற பிரிவில் 2007-ல் சேர்த்து, இரவு வேலை குறித்து 2019-ல் மறுபடியும் அதையே உறுதிசெய்தது. இரவில் உழைப்பவர் எல்லோருக்கும் புற்றுநோய் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. கவனம் தேவை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பகல் தூக்கம் ஏன் போதவில்லை?

டியூட்டி முடித்து வெளியே வந்ததும் காலை வெயில் கண்ணில் படுகிறது. தலைமைக் கடிகாரம் ‘பொழுது விடிந்தது’ என்று முடிவு செய்துவிடுகிறது. உடல் வெப்பமும் ஏறத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் படுப்பவருக்கு இரவுத் தூக்கத்தைவிட இரண்டு மூன்று மணி நேரம் குறைவாகத்தான் கிடைக்கும். சேலத்துக் கோடையில், தகரக் கூரையோ சிமென்ட் ஷீட்டோ போட்ட வீட்டில் பதினொரு மணிக்கு மேல் படுத்திருப்பதே பெரும்பாடு. காலிங் பெல், குழந்தைகளின் சத்தம், பக்கத்து வீட்டு டிவி, குடிநீர் வரும் நேரம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே பகலில் சரியாகத் தூங்காதவரைச் சோம்பேறி என்றும், பகலெல்லாம் படுத்திருக்கிறார் என்றும் சொல்வது அநியாயம்.

நீங்கள் செய்யக்கூடியவை

* டியூட்டிக்குப் போகுமுன் மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். முதல் நைட் ஷிப்ட் அன்று இது கட்டாயம்.
* முக்கியமான சாப்பாட்டை ஏழு, எட்டு மணிக்குள் வீட்டில் முடியுங்கள். நள்ளிரவுக்கு மேல் பசித்தால் சுண்டல், வேகவைத்த நிலக்கடலை, மோர் போதும். பரோட்டாவும் பஜ்ஜியும் வேண்டாம்.
* டீ, காபியை ஷிப்டின் முதல் பாதியோடு நிறுத்துங்கள். அவற்றிலுள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். நாலு மணிக் காபி, எட்டு மணித் தூக்கத்தைக் கெடுக்கும்.
* வேலை நேரத்தின் தொடக்கத்தில் நல்ல வெளிச்சத்தில் இருங்கள். திரும்பும்போது பஸ்ஸிலோ நடந்தோ வந்தால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கக் கலக்கத்தில் பைக் ஓட்டாதீர்கள்.
* வீட்டுக்கு வந்ததும் இரண்டு இட்லியோ கேழ்வரகுக் கஞ்சியோ சாப்பிட்டுவிட்டு உடனே படுங்கள். படுக்கையில் செல்போன் வேண்டாம். ஜன்னலுக்குத் தடித்த, அடர்நிறத் துணி போட்டு இருட்டாக்குங்கள்.
* லாரி ஓட்டுபவர்கள் கண் சொக்கினால் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 20 நிமிடம் தூங்குங்கள். எழுந்ததும் சில நிமிடம் நடந்து, தெளிந்த பிறகே ஓட்டுங்கள்.
* தூக்கம் வர மது வேண்டாம். முதலில் தூக்கம் வந்தாலும் பாதியில் முறிந்துவிடும். மருத்துவர் சொல்லாமல் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

வீட்டாரும் நிர்வாகமும்

குகை வௌவால் சொல்லும் பாடம் வீட்டுக்கும் பொருந்தும். வீட்டின் நடமாட்டமும் ஒருவரின் கடிகாரத்தைத் தொடுகிறது. நைட் ஷிப்ட் போய்வந்த அப்பாவோ அம்மாவோ தூங்கும் நேரத்தை வீடே காப்பாற்ற வேண்டும். ரேஷன் கடை, பேங்க் வேலையை அந்த நேரத்தில் அவர் தலையில் கட்டாதீர்கள். மருத்துவமனை, மில் ஆகியவற்றில் இரவு வேலை பார்க்கும் பெண்கள் திரும்பி வந்ததும் சமையலறைக்குத்தான் போகிறார்கள். அவர்களுடைய தூக்கத்துக்கும் அதே மதிப்பு வேண்டும்.

ஷிப்ட் சுழற்சி காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிப் போவது நல்லது. மனிதக் கடிகாரம் 24 மணி நேரத்தைச் சற்றுத் தாண்டி ஓடுவதால் தாமதமாகத் தூங்கப் பழகுவது எளிது. சீக்கிரம் தூங்கப் பழகுவது கடினம். தொடர்ச்சியான இரவுகளைக் குறைப்பதும், இரண்டு ஷிப்டுக்கு நடுவே போதிய இடைவெளி விடுவதும், வேலையிடத்தில் ஓய்வறை தருவதும் விபத்தைத் தடுக்கும் ஏற்பாடுகள். அவற்றைச் சலுகையாகக் கருதக்கூடாது.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இரவில் உழைப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, எடை பார்த்துக்கொள்ள வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். மேல்சிகிச்சைக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ரயில்வே ஊழியர்களுக்கு ரயில்வே மருத்துவமனையும், காப்பீடு பெற்ற தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. வசதியும் உண்டு.

பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுவது, விழித்திருக்கும்போது அடக்க முடியாத தூக்கம், வாரக்கணக்கில் தொடரும் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாத மனச்சோர்வு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சு வலி என்றால் வாயு என்று நினைத்துச் சோடா குடித்துக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்களும் இன்சுலின் போடுபவர்களும் தங்கள் ஷிப்ட் நேரத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ‘காலை, இரவு’ என்று சீட்டில் எழுதியிருப்பது பகலில் விழித்திருப்பவரின் கணக்கு. நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள். மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினியாக வேலை பார்க்காதீர்கள். அடுத்தமுறை மருத்துவமனைக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டோடு உங்கள் ஷிப்ட் அட்டவணையையும் கையில் எடுத்துப் போங்கள்.