ஜீப்பு ஏறும் கைகளுக்குப் பயிற்சி எங்கே?

விடிவதற்கு முன்பே சிலமலையில் ஜீப்பு வந்து நிற்கிறது. தூக்குச்சட்டியும் கையுமாகப் பெண்கள் ஏறுகிறார்கள், இடமில்லாவிட்டாலும் ஏறுகிறார்கள். போடிமெட்டு தாண்டினால் கேரளத்து ஏலத்தோட்டம். பொழுது சாய்ந்துதான் வீடு. ஜீப்பு கவிழ்ந்தால் பத்திரிகையில் நாலு வரி வரும். கவிழாத நாட்களில் இவர்களைப் பற்றி எழுதுவார் யார்?

தொழிற்பயிற்சிக்குச் சர்க்கார் பணம் ஒதுக்கவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். கோடி கோடியாக ஒதுக்குகிறார்கள். தமிழ்நாட்டில் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதுப்பிக்கத் தனியார் கம்பெனியோடு சேர்ந்து போட்ட திட்டத்தின் மதிப்பு 2,877 கோடி ரூபாய். நல்ல காரியம், வரவேற்கிறோம். அந்த வாசலுக்குள் நுழைய முடியாதவளுக்கு என்ன வழி என்பதுதான் நமது கேள்வி.

அங்கே பயில்வோருக்கு மாத உதவித்தொகை 750 ரூபாய். மலையேறுகிறவளுக்கு அது இரண்டு நாள் கூலிகூட ஆகாது. பயிற்சிக்கு வா என்று அழைப்பது எளிது. வருகிற நாளில் அடுப்பெரிய அரிசி தருவது யார்?

வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1945-ல், போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. காலியிடங்களைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டுமென்று 1959-ல் சட்டமே செய்தார்கள். ஆனால் தனியார் விவசாய வேலைக்கும் தோட்டக்கலை வேலைக்கும் அதில் விலக்கு! இயந்திரம் ஓட்டுகிறவன் கணக்கில் வந்தான். காய் எடுக்கிறவள் வரவில்லை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. மலைக்கு ஆள் சேர்ப்பது என்னவோ ஜீப்புக்காரர்தான்.

பெயரைப் பதிந்த பட்டதாரிக்காவது விடிவு உண்டா? ஐந்தாண்டு காத்திருந்தால் மாதம் 600 ரூபாய் உதவித்தொகை. அதுவும் மூன்றாண்டுக்கு மட்டும்.

மத்திய சர்க்காரின் திறன் வளர்ச்சித் திட்டத்தையோ கணக்குத் தணிக்கை அதிகாரியே புரட்டிப் பார்த்துவிட்டார். 2025 டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைத்த அறிக்கை சொல்கிறது: 95.90 லட்சம் பேரில் 90.66 லட்சம் பேருக்கு வங்கிக் கணக்குக் கட்டத்தில் சூனியம், அல்லது வெறுமை. பணம் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ!

பயிற்சியால் என்ன பயன், கூலியை உயர்த்தினால் போதாதா என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். கூலிப் போராட்டத்தை விடச் சொல்லவில்லை. ஆனால் பாருங்கள்: ஏலக்காயில் பச்சை நிறம் போனால் விலை போயிற்று. உலர்த்தும் அறையில் சூட்டைக் காப்பவன் தொழில் தெரிந்தவன். எட்டு மில்லிமீட்டர் காயைச் சல்லடையில் பிரித்து, சொத்தையைக் கண்ணாலேயே ஒதுக்குகிற போடிப் பெண் தொழில் தெரிந்தவள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலேயே நடக்கிறது. அவள் பிரித்த காய்தான் அங்கே விலை பேசுகிறது. அவள் மட்டும் சான்றிதழ் இல்லாத “கூலி”. தெரிந்த தொழிலுக்குச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு சர்க்கார் திட்டத்திலேயே உண்டு. போடிக்கு அதைக் கொண்டுவரட்டும். சான்று பெற்றவருக்கு அதற்கேற்ற கூலி என்று எழுதிப் போடட்டும்.

கற்றுக்கொண்டால் மலையை விட்டுப் போய்விடுவார்கள் என்று முதலாளிகள் அஞ்சுகிறார்களாம். போகட்டுமே! நிறுத்திவைக்க வேண்டுமானால் கூலியைக் கூட்டட்டும்.

காய் எடுப்பு ஓய்ந்து வேலை குறையும் கோடை மாதங்களில் வகுப்பு நடக்க வேண்டும். வகுப்புக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் முழுக் கூலி தரவேண்டும். ஜீப்பு ஓட்டவும் உலர்த்தும் இயந்திரம் பழுது பார்க்கவும் பெண்களுக்கும் இடம் வேண்டும். பெயர் பதிய ஜீப்பு நிற்கும் இடத்திலேயே ஒரு மேசை போடுங்கள் என்கிறோம். விடியற்காலை நாலு மணிக்கு அந்த மேசைக்கு வர அதிகாரிகள் தயாரா?